கட்டம் உடைந்தால் பைட்டைப் பாருங்கள்

சப்போர்ட் வேலையில் சேர்ந்த சில நாளிலேயே இப்படி ஒரு டிக்கெட் வந்து விழும்: “ரிப்போர்ட்டில் கட்டம் வரவில்லை, ஏதேதோ எழுத்து வருகிறது.” இணைப்பில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தால், கோடு இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ‘ஏ’ வரிசை கட்டி நிற்கும். பலரும் முதலில் ஃபான்ட்டை மாற்றிப் பார்ப்பார்கள். சரியாகவில்லை என்றால் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் டிக்கெட்டை சீனியர் தலையில் கட்டுவார்கள். அதற்குள் அரை நாள் ஓடியிருக்கும்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம். அந்தக் குப்பை தன்னிஷ்டத்துக்கு வருவதில்லை. கோட்டுக்குப் பதில் எந்த எழுத்து வந்திருக்கிறது என்று பார்த்தாலே, எழுதிய புரோகிராம் எந்த எழுத்துப் பட்டியலை வைத்து எழுதியது, படித்தது எந்தப் பட்டியலை வைத்துப் படித்தது என்று சொல்லிவிடலாம். ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால், தெரிந்தவருக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம்.

கோடும் ஒரு எழுத்துதான்

பழைய டெர்மினல் திரை கணக்கு நோட்டைப் போன்றது. பெரும்பாலும் 80 பத்தி, 24 அல்லது 25 வரி. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. அதில் படம் வரைய வழியில்லை. அட்டவணை வேண்டுமென்றால் கோட்டையும் எழுத்தாக்கி அதற்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். ஆஸ்கியில் மொத்தமே 128 இடம். கட்டக் கோட்டுக்கு அதில் ஒன்றுகூட ஒதுக்கவில்லை. கூட்டல் குறியை மூலையாகவும் சிறுகோட்டைக் கிடைக்கோடாகவும் வைத்து ஒப்பேற்றினார்கள்.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் 256 இடம். பிற்பாடு கோட் பேஜ் 437 என்று பெயர் பெற்ற பட்டியல் அது. மேல்பாதி 128 இடத்தில் 40 இடம் கட்டக் கோடுகளுக்கே போயிற்று. ஒற்றைக் கோட்டில் பதினொன்று: கிடை, நெடு, நான்கு மூலை, நான்கு முச்சந்தி, ஒரு நாற்சந்தி. இரட்டைக் கோட்டிலும் அதே பதினொன்று. ஒற்றையும் இரட்டையும் சந்திக்கும் கலப்புக் குறிகள் பதினெட்டு. ஃபாக்ஸ்புரோவிலும் கிளிப்பரிலும் பில்லிங் புரோகிராம் எழுதியவர்கள் திரையைச் சுற்றி இரட்டைக் கோட்டில் போட்ட பெட்டியெல்லாம் இந்த நாற்பதில் செய்ததுதான்.

┌───┐
│ 1 │
└───┘

இந்தப் பெட்டிக்கு 437-ல் வரும் எண்களைப் பாருங்கள். மேல் இடது மூலை 218, மேல் வலது மூலை 191, கீழ் இடது 192, கீழ் வலது 217. கிடைக்கோடு 196, நெடுக்கோடு 179. கண்ணை மூடிக்கொண்டு எண்ணை வாரி இறைத்தது போலத்தான் தெரியும். ஆனால் வரிசையில் ஒரு காரியம் ஒளிந்திருக்கிறது.

ஐபிஎம்மின் ஒற்றை நிற டிஸ்பிளே கார்டில் ஓர் எழுத்தின் கட்டம் 9 புள்ளி அகலம். சேமித்து வைத்த எழுத்து வடிவமோ 8 புள்ளிதான். ஒன்பதாவது புள்ளி, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடுவதற்காகக் காலியாக இருக்கும். படிக்க வசதி, ஆனால் கிடைக்கோடு போட்டால் எட்டுப் புள்ளிக்கு ஒரு முறை அறுந்து அறுந்து வரும். அதற்காக ஹார்ட்வேரிலேயே ஒரு விதி வைத்தார்கள்: எண் 192 முதல் 223 வரை இருந்தால் எட்டாவது புள்ளியை ஒன்பதாவதிலும் அப்படியே போடு. இப்போது நாற்பதையும் பிரித்துப் பாருங்கள். வலப்பக்கம் கை நீட்டும் குறி எல்லாம் 192-லும் அதற்கு மேலும்தான் இருக்கும். 179, 180, 191 ஆகியவற்றுக்கு வலக்கை கிடையாது, அதனால் வேலிக்கு வெளியே. 217 மட்டும் வலக்கை இல்லாமலே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதன் எட்டாவது புள்ளி காலி, காலியை நகலெடுத்தால் நஷ்டமில்லை. பிறகு வந்த விஜிஏவின் டெக்ஸ்ட் மோடிலும் இதே விதி தொடர்ந்தது. இன்டர்வியூவில் இதை யாரும் கேட்கப் போவதில்லைதான். ஆனாலும் இதை ஒரு முறை புரிந்துகொண்டவருக்கு 196-ம் 179-ம் ஆயுசுக்கும் மறக்காது. அந்த இரண்டு எண்தான் இனி நமக்கு ஆயுதம்.

குப்பையைப் படிக்கும் முறை

முதல் வகை, மேலே சொன்ன டிக்கெட். விண்டோஸ் 1252 என்ற பட்டியலில் 196-ம் இடத்தில் இருப்பது புள்ளி வைத்த ‘ஏ’. 179-ல் இருப்பது மேலே ஏறிய குட்டி மூன்று: ³. 191-ல் தலைகீழ்க் கேள்விக்குறி: ¿. ஆக, கிடைக்கோடு புள்ளி வைத்த ‘ஏ’வாகவும், நெடுக்கோடு குட்டி மூன்றாகவும், வலது மேல்மூலை கவிழ்ந்த கேள்விக்குறியாகவும் வந்தால் தீர்ப்பு எழுதிவிடலாம்: எழுதியது டாஸ் காலத்துப் புரோகிராம், படித்தது விண்டோஸ் எடிட்டர். ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை. எடிட்டரில் என்கோடிங்கை 437 என்று மாற்றித் திறந்தால் கட்டம் பளிச்சென்று நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஐகான்வ் (iconv) என்ற கமாண்ட் கொண்டு 437-லிருந்து யுடிஎஃப்-8-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது பிரிண்டரில் வருவது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஓடும் மருந்துக் கடைகளுக்கும் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கும் போகிறவர்களுக்கு இது பழக்கமான காட்சி. பில்லில் கோட்டுக்குப் பதில் ‘டி’ எழுத்தாகவே வரும், ஓரத்தில் 3, 3 என்று இறங்கும். 196-லிருந்து 128-ஐக் கழியுங்கள்: 68, அதாவது பெரிய ‘டி’. 179-லிருந்து 128 போனால் 51, அதாவது 3 என்ற இலக்கம். மேல் மூலைகள் ‘இசட்’டும் கேள்விக்குறியும் ஆகும், கீழ் மூலைகள் மின்னஞ்சலின் @ குறியும் ‘ஒய்’யும் ஆகும். எழுத்துகள் சாய்ந்திருந்தால், பிரிண்டர் மேல்பாதி 128 இடத்தைச் சாய்வெழுத்துக்கு ஒதுக்கியிருக்கிறது. பழைய எப்சன் வகைப் பிரிண்டர்களில் இந்த ஏற்பாடு உண்டு. செட்டிங்கில் கிராஃபிக்ஸ் டேபிளைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. நிமிர்ந்த ‘டி’ வந்தால் வழியில் எங்கோ எட்டாவது பிட் வெட்டுப்படுகிறது; சீரியல் போர்ட் 7 பிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேர்க்கோடெல்லாம் ஒழுங்காக வந்து, சில சந்திகள் மட்டும் தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக மாறியிருந்தால் அது கோட் பேஜ் 850. ஐரோப்பிய மொழிகளுக்கு இடம் வேண்டும் என்று அந்தப் பதினெட்டு கலப்புக் குறிகளையும் எடுத்துவிட்டு அங்கே எழுத்துகளை வைத்தார்கள். பிரிட்டன் கிளையன்ட்டின் இயந்திரத்தில் இது நடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

லினக்ஸ் சர்வர் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே ‘எல், கியூ, கியூ, கியூ, கே’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்து வரிசை வரும்; ஓரங்களில் ‘எக்ஸ்’, அடியில் ‘எம், கியூ, கியூ, ஜே’. இதன் ஊற்று டெக் நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த விடி100 டெர்மினல். அது கோட்டுக்கென்று புது எண் கொடுக்கவில்லை. ஓர் எஸ்கேப் கட்டளை வந்தால் சிறிய எழுத்துகளின் இடத்தில் கோடுகளைக் காட்டும். இன்னொரு கட்டளை வந்தால் பழையபடி எழுத்தாகும். ‘கியூ’ கிடைக்கோடு, ‘எக்ஸ்’ நெடுக்கோடு, ‘எல்’லும் ‘கே’யும் மேல் மூலைகள், ‘எம்’மும் ‘ஜே’யும் கீழ் மூலைகள். இன்றைய டெர்மினல்களும் அந்த வழக்கத்தைச் சுமக்கின்றன. ஆக, கோடு வரவேண்டிய இடத்தில் ‘கியூ’ வரிசை வந்தால், புரோகிராம் மோடை மாற்றச் சொன்னது, டெர்மினல் காதில் வாங்கவில்லை. புட்டி (PuTTY) என்ற டெர்மினல் புரோகிராமில் யுடிஎஃப்-8 வைத்திருந்தால் இது அடிக்கடி நடக்கும். அதன் டிரான்ஸ்லேஷன் பக்கத்தில், யுடிஎஃப்-8 மோடிலும் விடி100 கோட்டை அனுமதிக்கும் ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது.

இதே நோயின் தலைகீழ் வடிவம்தான் புதியவர்களை அதிகம் மிரட்டும். தெரியாமல் ஒரு பைனரி ஃபைலை ‘கேட்’ செய்கிறீர்கள். அதற்குள் இருந்த 14 என்ற ஒற்றை பைட் டெர்மினலைக் கோட்டு மோடுக்குத் தள்ளிவிடுகிறது. பிறகு ப்ராம்ப்ட், கமாண்ட் எல்லாமே மூலையும் முடுக்குமாகத் தெரியும். பெரிய எழுத்துகள் மட்டும் ஒழுங்காக இருக்கும், அதுதான் அடையாளம். சர்வர் கெட்டுவிட்டது என்று பதறி இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். திரையில் என்ன தெரிகிறது என்று பாராமல் ‘ரீசெட்’ என்று தட்டி என்டர் கொடுங்கள்.

இப்போது அதிகம் காண்பது யுனிகோடு வகை. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே கட்டக் கோடுகளுக்கு 128 இடம் கொடுத்தார்கள், யு+2500-ல் தொடங்குகிறது. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு கோடும் மூன்று பைட். கிடைக்கோட்டுக்கு 226, 148, 128. இதை 437 தெரிந்த கமாண்ட் ப்ராம்ப்ட் படித்தால் கிரேக்க காமா, இரு புள்ளி வைத்த ‘ஓ’, வால் முளைத்த ‘சி’ என்று மூன்று எழுத்தாக்கும். விண்டோஸ் 1252 படித்தால் கூரை போட்ட ‘ஏ’, மேற்கோள் குறி, யூரோ குறி. இரண்டிலும் கோடு மூன்று மடங்கு நீண்டிருக்கும். காமா வந்தால் கன்சோல் பக்கம் கை வையுங்கள். ‘சிஎச்சிபி 65001’ என்று அடித்துக் கன்சோலை யுடிஎஃப்-8-க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். யூரோ வந்தால் எடிட்டரையோ இணையப் பக்கத்தின் என்கோடிங் அறிவிப்பையோ பாருங்கள்.

தமிழ் ஃபைல்களோடு மல்லாடியவர்களுக்கு இந்தக் கூரை போட்ட ‘ஏ’ ஏற்கனவே சொந்தக்காரர் மாதிரி தெரியும். தமிழ் எழுத்தும் யுடிஎஃப்-8-ல் மூன்று பைட்தான். முதல் பைட் 224. அதனால் உடைந்த தமிழில் இடது சாய்கோடு போட்ட ‘ஏ’யும், பல இடங்களில் அதையொட்டி ® குறியும் வரும். உடைந்த கட்டத்தில் 226, கூரை போட்ட ‘ஏ’. ஒரே லாகில் இரண்டும் கலந்து உடைந்திருந்தால், எது பெயர், எது கோடு என்று இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

சேவ் பட்டனைத் தொடாதீர்கள்

இதுவரை சொன்னதில் எல்லாம் தகவல் பத்திரமாக இருக்கிறது. பார்க்கும் கண்ணாடிதான் தப்பு. மூன்று அறிகுறிகளில் மட்டும் நிதானம் வேண்டும். வெறும் சதுரம் (□) தெரிந்தால் பைட் சரி, ஃபான்ட்டில் அந்த வடிவம் இல்லை. இங்கேதான் ஃபான்ட் மாற்றுவது உண்மையில் மருந்து. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி (�) தெரிந்தால், யுடிஎஃப்-8 அல்லாத பைட்டை யுடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கிறார்கள். ஃபைல் இன்னும் பிழைத்திருக்கிறது, ஆனால் அந்த நிலையில் சேவ் செய்தால் எல்லா பைட்டும் ஒரே வைரமாகி, மீட்க வழியில்லாமல் போகும். சாதாரணக் கேள்விக்குறி வரிசை வந்திருந்தால் சேதம் ஏற்கனவே நடந்துவிட்டது. யாரோ இடையில் மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். மூல ஃபைலைக் கேட்டு வாங்குவது தவிர வேறு வழியில்லை.

அதனால்தான் டிக்கெட்டில் ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் ஃபைலையே கேளுங்கள். அதுவும் மெயிலில் ஒட்டிய எழுத்தாக வேண்டாம், ஜிப் செய்து. ஹெக்ஸ் வியூவரில் முதல் கோட்டின் மேல் கர்சரை வைத்து எண்ணைப் பாருங்கள். வியூவர் பதினாறின் அடிப்படையில் காட்டும். கால்குலேட்டரில் புரோகிராமர் மோடுக்குப் போனால் சாதாரண எண்ணாகிவிடும். பதில் எழுதும்போது “சரி செய்யப்பட்டது” என்று மட்டும் எழுதி மூடாதீர்கள். “437-ல் எழுதிய ஃபைல், 1252-ல் திறக்கப்பட்டது, யுடிஎஃப்-8-க்கு மாற்றி அனுப்பியிருக்கிறேன், மூலத்தில் மாற்றமில்லை” என்று ஒரே வரி. அடுத்த முறை அதே கிளையன்ட்டிடமிருந்து இதே புகார் வந்தால் டிக்கெட் தேடலில் உங்கள் வரிதான் கிடைக்கும். அப்ரைசல் நேரத்தில் மேனேஜர் கண்ணில் படுவதும் இதுபோன்ற வரிகள்தான்.

நீங்களே கட்டம் போடும்போது

பெட்டி போட்ட வெளியீடு கண்ணுக்கு லட்சணமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கைதேர்ந்த கருவிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று கவனியுங்கள். மைஎஸ்கியூஎல் கிளையன்ட் இன்றும் கூட்டல் குறியும் சிறுகோடும் வைத்துத்தான் அட்டவணை போடுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎஸ்கியூஎல் யுனிகோடு கோடு போடும், ஆனால் நீங்கள் கேட்டால்தான். கிட்டின் கிளை வரைபடம் நட்சத்திரமும் சாய்கோடும். விண்டோஸின் ட்ரீ கமாண்டில் ஆஸ்கிக் கோட்டுக்கென்றே ‘/ஏ’ என்ற ஆப்ஷன் உண்டு. எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத வெளியீட்டில் அடக்கமாக இருப்பதுதான் இவற்றின் வழி. அதையே நானும் சிபாரிசு செய்வேன்: எதிரே டெர்மினல் இருப்பது உறுதியானால் பெட்டி போடுங்கள், ஃபைலுக்கோ பைப்புக்கோ போகிறதென்றால் டேப் பிரித்த வெறும் வரி போதும்.

இதைக் கேட்காதவர்கள் மாட்டுவது பெரும்பாலும் ராத்திரி ஜாபில். விண்டோஸில் பைத்தான் ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினால் பெட்டி ஜோராக வரும். வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பிவிட்டு ஷெட்யூலரில் போட்டால், பல இயந்திரங்களில் ‘யுனிகோட்என்கோட்எரர்’ என்று பாதியில் நின்றுவிடும். திரைக்குப் போகும்போது யுனிகோடு, ஃபைலுக்குப் போகும்போது 1252. அந்த 1252-ல்தான் கோடே கிடையாதே. ஃபைலைத் திறக்கும் இடத்தில் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள், அல்லது பைத்தானின் யுடிஎஃப்-8 மோடை ஆன் செய்யுங்கள். லினக்ஸில் கிரானும் இதே ரகம்: உங்கள் லாகினில் இருக்கும் லோகேல் அதற்கு வராது.

தமிழ்ப் பெயர்களைப் பெட்டிக்குள் போட நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யுனிகோடு கணக்கில் ஐந்து குறி, யுடிஎஃப்-8-ல் பதினைந்து பைட். பத்தியின் அகலத்தை எந்தக் கணக்கில் நிரப்பினாலும் வலது ஓரத்துக் கோடு வரிக்கு வரி ஆடும். தமிழ் எழுத்துகள் ஒரே அகலமும் இல்லை. ‘ர’வும் ‘ஞௌ’வும் ஒரே கட்டத்துக்குள் எப்படி அடங்கும்? தமிழ்ப் பத்தியைக் கடைசியில் வைத்து வலது ஓரக் கோட்டை விட்டுவிடுவது நல்லது. அல்லது எச்டிஎம்எல் அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள். ஜப்பான் கிளையன்ட்டுக்கு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: அங்கே பல ஃபான்ட்களில் கட்டக் கோடே இரண்டு எழுத்து அகலம் எடுக்கும். டெர்மினல் செட்டிங்கில் ‘ஆம்பிகுவஸ் விட்த்’ என்று ஒன்று கண்ணில் பட்டால் அது இதற்காகத்தான்.

பழைய டேட்டாவில் கை வைக்கும்போது

இந்த அறிவு அதிகம் கைகொடுப்பது மைக்ரேஷன் வேலைகளில். இருபது முப்பது வருட ரிப்போர்ட் ஃபைல்களைக் கொடுத்து, “கோட்டையெல்லாம் எடுத்துவிட்டு டேட்டாபேஸில் ஏற்று” என்பார்கள். 179 முதல் 218 வரை உள்ள பைட்டை எல்லாம் அழி என்று ஒரு வரி ஸ்கிரிப்ட் எழுதத் தோன்றும். ஆங்கில ஃபைலென்றால் அது போதும். தமிழ் ஃபைலென்றால் கையைக் கட்டிக்கொண்டு முதலில் எந்த என்கோடிங் என்று பாருங்கள்.

யுனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் புழங்கிய திஸ்கியிலும் எழுத்துகள் இதே மேல்பாதி 128 இடத்தில்தான் குடியிருந்தன. திஸ்கியில் 196 என்பது ‘ல’. 191 ‘ந’, 192 ‘ப’, 179 ‘ஐ’. ‘க’ முதல் ‘ன’ வரை பதினெட்டு உயிர்மெய்யும் 184-லிருந்து 201-க்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அதாவது முழுக்க நம் ‘கட்டக் கோடு’ எல்லைக்குள். 196-ஐ மட்டும் அழித்தாலே கமலா ‘கமா’ ஆகிவிடுவார். மொத்த வரம்பையும் அழித்தால் பெயர்ப் பத்தியில் மிஞ்சுவது பெரும்பாலும் கால்களும் கொம்புகளும் புள்ளி எழுத்துகளும்தான்.

ஒரு ஃபோல்டருக்குள் இரண்டு ரகமும் கலந்து கிடக்கும் என்றே வைத்துக்கொண்டு ஃபைல் ஃபைலாகச் சோதியுங்கள். 196 தொடர்ந்து பத்து இருபது முறை வந்தால் அது கோடு. எந்தத் தமிழ்ச் சொல்லிலும் அத்தனை ‘ல’ அடுத்தடுத்து வராது. 179 ஒவ்வொரு வரியிலும் அதே பத்தியில் வந்தால் அது ஓரக்கோடு. இடம் மாறி மாறி வந்தால் ‘ஐ’. கோடென்று தேறிய ஃபைல்களை 437-லிருந்து மாற்றுங்கள், தமிழென்று தேறியவற்றைத் திஸ்கியிலிருந்து. லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் இரண்டையும் அறியும். கோட்டை அழிப்பதை யுனிகோடுக்கு மாற்றிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கோடு யு+2500 பக்கம், தமிழ் யு+0பி80 பக்கம். ஒன்றை அழித்தால் மற்றொன்றுக்குச் சேதம் வராது.